தோட்டப்புற ஊரில் புகையைக் குறைப்பது: சிறு சுற்றுச்சூழல் சங்கங்களுக்கான முழு வழிகாட்டி

காற்று மாசு என்றதும் மலேசியத் தோட்டப்புற மக்களின் நினைவுக்கு முதலில் வருவது இந்தோனேசியாவின் சுமத்ராவிலிருந்து வந்து கவியும் புகைமூட்டம்தான். 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டதை, பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் (பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) அப்போது வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் எல்லை தாண்டி வரும் அந்தப் புகையின்மீது ஊர்ச் சங்கம் ஒன்றுக்குப் பிடி மிகக் குறைவு. எல்லை கடந்த புகைமூட்டம் குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசியா அதற்கு இசைவளித்தது 2014-இல். அரசாங்கங்களுக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்த காரியம் அது.

இந்த வழிகாட்டி உள்ளூர்ப் புகையைப் பற்றியது. ஆலையின் புகைபோக்கி, சாக்கடை ஓரத்தில் எரியும் குப்பை, பழைய இரும்புக் கடையின் பின்புறத்தில் செம்புக்காகக் கொளுத்தப்படும் மின்கம்பி, வறட்சியில் பற்றிக்கொள்ளும் கரி மண் (மக்காத தாவரம் படிந்த மண்) நிலம் ஆகிய இவையெல்லாம் ஆண்டு முழுவதும் நடப்பவை. அதிகாரிகள் வந்து பார்க்கும் நேரத்தில் பெரும்பாலும் இவை நடப்பதில்லை. அந்த இடைவெளியில் ஊரிலேயே இருந்து, கண்ணால் கண்டதைக் காகிதத்தில் ஏற்றி, உரிய மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இலாப நோக்கமற்ற சிறு சங்கத்தின் முதன்மையான வேலை. பேரணியும் பதாகையும் அதற்குப் பிறகு வருபவை.

முதற்படி: ஊரின் புகையை வரைபடத்தில் குறித்தல்

ஒரு பெரிய அட்டையில் ஊரை வரையுங்கள். தமிழ்ப்பள்ளி, கோயில், கிளினிக், தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்), எஞ்சியிருக்கும் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), செம்பனை எண்ணெய் ஆலை, செங்கல் சூளை, மறுசுழற்சிக் கொட்டகை, குப்பை கொட்டும் ஒதுக்குப்புறங்கள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். பிறகு வீடு வீடாகச் சென்று மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: எந்த நேரத்தில் நாற்றம் வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, என்ன நாற்றம். துணி காயப்போடுகிற பெண்களைவிட ஆலைக் கரியின் போக்கை அறிந்தவர் எவரும் இல்லை. எந்த மாதத்தில் கொடியை வீட்டின் எந்தப் பக்கத்துக்கு மாற்றிக் கட்டுகிறோம் என்பதை அவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அந்த ஒரு தகவலிலேயே காற்றின் திசையும் பருவமும் கிடைத்துவிடுகின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றோடு வெளிநாட்டுப் புகையும் கலந்து வரக்கூடும் என்பதால், உள்ளூர்ப் புகையைத் தெளிவாகப் பிரித்தறிய மற்ற மாதங்களின் பதிவுகளே அதிகம் உதவும்.

இரண்டாம் படி: பதிவு நோட்டு

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். சங்கத்தின் மற்ற எல்லா வேலைகளும் இந்த நோட்டின்மீதுதான் நிற்கின்றன. நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், புகையின் நிறம், நாற்றம், காற்று வீசிய திசை, பார்த்தவர் பெயர், எடுத்த படங்களின் எண் ஆகியவற்றை எழுதுங்கள். நல்ல பதிவு இப்படி இருக்கும்: "இரவு 9.40 முதல் 10.25 வரை. தாமானின் பின்புறச் சாக்கடை ஓரம், மின்கம்பத்துக்கு வலப்பக்கம். கறுப்புப் புகை, ரப்பர் உறை கருகும் நாற்றம். காற்று தென்மேற்கிலிருந்து. மறுநாள் காலையில் அதே இடத்தில் சாம்பலும் உறை நீங்கிய கம்பித் துண்டுகளும். படம் 3." "நேற்று ஒரே புகை, தாங்க முடியவில்லை" என்று எழுதப்பட்ட வரியைக் கொண்டு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய இயலாது.

ஆலையின் புகைபோக்கியைக் கவனிப்பதற்கு ரிங்கல்மான் அட்டை என்றொரு பழைய முறை உண்டு. வெண்மையைக் குறிக்கும் 0 முதல் முழுக் கறுப்பைக் குறிக்கும் 5 வரை நிற அடர்த்தியைப் பிரித்துக் காட்டும் அட்டை அது. ஒவ்வொரு எண்ணும் இருபது விழுக்காட்டுக் கருமையைக் குறிக்கும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, புகை நகரும் திசைக்குக் குறுக்காகப் பார்த்து, சீரான இடைவெளியில் எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆலையிலிருந்து எழும் வெள்ளைப் படலத்தில் பெரும்பகுதி நீராவி, அது சற்றுத் தொலைவிலேயே கலைந்து மறைந்துவிடும். செம்பனைப் பழ நாரும் கொட்டை ஓடும் எரியும் கொதிகலனிலிருந்து வரும் தூசுப் புகையோ பழுப்பாகவோ கறுப்பாகவோ நீண்டு இழுத்துக்கொண்டு போகும். நீராவியைப் புகை என்று எழுதிப் புகார் கொடுத்த சங்கத்தின் அடுத்த புகாரை எவரும் அக்கறையோடு படிப்பதில்லை.

நுண்துகளை அளக்கும் சிறு கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான அந்தத் துகள்தான் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியது. கருவியைத் தலைக்கு மேற்பட்ட உயரத்தில், மழை படாமல், சமையலறையிலிருந்தும் சாமி அறையிலிருந்தும் விலக்கி மாட்டுங்கள். வெள்ளிக்கிழமை மாலைச் சாம்பிராணி எந்தக் கருவியையும் கலங்கடித்துவிடும். இக்கருவிகள் ஒளிச்சிதறலைக் கொண்டு அளப்பவை. நம் நாட்டு ஈரப்பதத்தில், குறிப்பாக விடியற்காலையில், துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுவதால் அளவு கூடுதலாகக் காட்டப்படும். ஆகவே தனி எண்ணைத் தூக்கிப் பிடிக்காமல், எரிப்புக்கு முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றத்தைக் காட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது நல்லது.

"குறியீடு மிதமாகத்தானே இருக்கிறது, பிறகென்ன புகார்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு விளக்கம் தேவைப்படும். அரசாங்கக் குறியீட்டில் 50 வரை நல்ல நிலை, 100 வரை மிதம், 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். நாடு முழுவதற்கும் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட நிலையங்களே உள்ளன; நுண்துகளுக்கான கணக்கும் 24 மணி நேரச் சராசரியை ஒட்டியது. பல கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்தின் ஒருநாள் சராசரியில், நம் தாமானின் பின்புறம் முக்கால் மணி நேரம் எரிந்த கம்பி தெரியவே தெரியாது. தெரியவில்லை என்பதால் அதைச் சுவாசித்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருளாகாது. நாட்டின் தரநிலை 24 மணி நேரத்துக்கு ஒரு கன மீட்டரில் 35 மைக்ரோகிராம் நுண்துகளை அனுமதிக்கிறது; உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 15 என்கிறது. இவ்விரு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: சங்கமாகப் பதிவு செய்தல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் தேவை. விண்ணப்பம் சங்கப் பதிவிலாகாவின் இணைய முறை வழியே செல்கிறது. சட்டவிதிகள், பொறுப்பாளர் பட்டியல், ஆண்டுப் பொதுக்கூட்டம், கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை ஆகியவற்றைச் சமாளிக்க நிதானமான செயலாளர் ஒருவர் கிடைத்தால் போதும். பதிவு கிடைக்கும்வரை தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தாமான் குடியிருப்பாளர் சங்கமோ தங்களுக்குள் ஒரு துணைக்குழுவாக உங்களை ஏற்றுக்கொள்ளலாம். கோயில் நிர்வாகத்தின் கீழ் மட்டும் போகாதீர்கள் என்பது என் கருத்து. நம் ஊர்களில் கோயில் தேர்தலில் தோற்ற அணி, வென்ற அணியின் நோட்டில் கையெழுத்துப் போடாது. மேலும் புகை மலாய்க்காரர் கம்போங்கிலும் சீனர் கடைத்தெருவிலும் ஒன்றுபோலத்தான் பரவுகிறது. முதல் பொறுப்பாளர் பட்டியலிலேயே அவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும்.

நான்காம் படி: முதலில் நம் வீட்டுப் புகை

திறந்தவெளி எரிப்பை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 29A பிரிவின் கீழ் தடை செய்கிறது. 2024-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அபராதங்கள் கடுமையாக உயர்த்தப்பட்டன. ஈமச் சடங்கு, சமய வழிபாடு போன்ற சிலவற்றுக்கு 2003-ஆம் ஆண்டின் ஆணை விலக்களிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலைப் பெருக்கிச் சருகைக் குவித்துக் கொளுத்துவது, குப்பை லோரி வரும் தாமான்களில் அந்த விலக்கில் சேராது. சங்க உறுப்பினர்களின் வீட்டிலேயே இது நடக்கும்போது ஆலையைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு வாய் இராது.

இங்கே சட்டத்தைக் காட்டி மிரட்டுவது பயன்படுவதில்லை. மாற்று வழியைக் கையில் கொடுக்க வேண்டும். சருகு எரிப்பவருக்குக் கம்பி வலையால் ஆன உரத்தொட்டி ஒன்று போதும். மாடு வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிற ஊரானால், இரண்டு பங்கு சருகுக்கு ஒரு பங்கு சாணம் கலந்து, ஈரம் குறையாமல் வாரம் ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வாழைக்கு நல்ல எரு கிடைக்கும். பழைய மெத்தை, நாற்காலி போன்றவை எரிக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் லோரி வரும் நாள் தெரியாததுதான். நகராண்மைக் கழகத்திடம் நாளைக் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் முன்னிரவே அறிவியுங்கள். "அண்ணே, இதைக் கொளுத்தாதீங்க, சனிக்கிழமை லோரி வருது, நம்ம பையனுங்களே தூக்கிப் போட்டுருவாங்க" என்று சொல்லப்படும் ஒரு வாக்கியம், சுவரில் ஒட்டிய பத்து எச்சரிக்கைத் தாள்கள் செய்யாத வேலையைச் செய்யும்.

மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்காகப் போடும் மூட்டத்தைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து பேசுவார். அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் எரிப்பதை நிறுத்துவதில்தான் முதல் ஆண்டு முழுவதும் கவனம் இருக்க வேண்டும், பி.வி.சி. உறையும் குழாயும் எரியும்போது டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உருவாகின்றன.

ஐந்தாம் படி: சரியான மேசைக்குப் புகார்

பல சங்கங்கள் சோர்ந்துபோவது இங்கேதான். திறந்தவெளி எரிப்பு, ஆலைப் புகை இரண்டும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு உரியவை; 1-800-88-2727 என்ற கட்டணமில்லா எண்ணும் இணையப் புகார் முறையும் உள்ளன. தீ பரவும் அபாயம் இருந்தால் 999-ஐ அழைத்துத் தீயணைப்புப் படைக்குச் சொல்லுங்கள். உரிமம் இல்லாத கொட்டகை, தொழிற்சாலை என்றால் நகராண்மைக் கழகத்துக்கும் நில அலுவலகத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். இல்லையேல் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். கடிதம் மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், பதிவு நோட்டின் பக்க நகலையும் இடக்குறியீட்டையும் இணையுங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையானால் அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுகடிதம் எழுதி, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் நகல் அனுப்புங்கள்.

எரித்தவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்காக இரவில் ஒளிந்திருந்து வம்பில் மாட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29B பிரிவு, நிலத்தின் உரிமையாளரையும் அதை வைத்திருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. நமக்குத் தேவை இடமும் நேரமும்தான். பொது வழியில் நின்று படம் எடுங்கள். பிறர் நிலத்துக்குள் நுழையாதீர்கள். முகநூலில் எழுதும்போதும் கண்டதை மட்டும் எழுதுங்கள். "இன்ன நாள், இன்ன நேரம், இந்த இடத்திலிருந்து கறுப்புப் புகை எழுந்தது" என்பது பதிவு. "இந்த முதலாளி ஊரையே கொல்கிறான்" என்பது அவதூறு வழக்குக்கு விடுக்கும் அழைப்பு.

இந்த முறை பலன் தருமா என்று ஐயப்படுபவர்கள் சிலாங்கூரின் ஜென்ஜாரோம் ஊரைப் பார்க்கலாம். சீனா 2018 தொடக்கத்தில் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்ததும், அவ்வூர் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அனுமதியற்ற பிளாஸ்டிக் ஆலைகள் முளைத்தன. மிச்சக் கழிவு இரவில் எரிக்கப்பட்டது. மூச்சுத் திணறலும் தோல் அரிப்பும் கண்ட குடியிருப்பாளர்கள் சிலர் சேர்ந்து ஒவ்வோர் ஆலையின் இடத்தையும் குறித்து, படமெடுத்து, புகாருக்குமேல் புகார் எழுதினர். தொடக்கத்தில் அசைவே இல்லை. பிறகு செய்தியாளர்களும் பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகளும் வந்தபோது, அவர்களிடம் கொடுப்பதற்கு ஆயத்தமாக இருந்தது அந்தப் பட்டியல்தான். அதிகாரிகள் அவ்வட்டாரத்தில் பல ஆலைகளை மூடினர். 2019-இல் கழிவுக் கொள்கலன்களை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பும் நடவடிக்கையும் தொடங்கியது. ஆனால் தொழில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வேறு மாநிலங்களுக்கு இடம் மாறியது, கெடாவின் சுங்கை பட்டாணியிலும் மக்கள் அதே புகையைப் பற்றிப் புகார் செய்தார்கள். ஆகவே பக்கத்து ஊர்ச் சங்கங்களோடு தொடர்பு வைத்திருப்பது கட்டாயம். 1969-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் இத்தகைய மக்கள் புகார்களை நீண்ட காலமாகக் கையாண்டு வருபவை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் இதழ் நடத்துவதால், ஆங்கிலம் தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஆலையோடும் தோட்ட நிர்வாகத்தோடும் பேசுதல்

ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடும் ஆலையைப் பகைத்துக்கொள்ள எவரும் முன்வர மாட்டார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே இந்தப் படியில் இறங்க வேண்டும். அங்கே வேலை செய்பவர்களின் பெயர் எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது. தகவல் தந்தவர் ஆலைத் தொழிலாளி என்பது வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு போய்விடும்.

செம்பனை ஆலைகள் சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் பெற்றே இயங்க முடியும். 2014-ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள், அவற்றின் கொதிகலனிலிருந்து வெளியேறும் தூசுக்கு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்து, பழைய ஆலைகள் அதற்கேற்ப மாறிக்கொள்ள ஐந்தாண்டு அவகாசம் அளித்தன. அந்த அவகாசம் 2019-இலேயே முடிந்துவிட்டது. எனவே நிர்வாகியைச் சந்திக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி எளியது: கடைசியாகப் புகைபோக்கி சோதிக்கப்பட்டது எப்போது, அளவு என்ன வந்தது? பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூட்டக் குறிப்பில் எழுதி ஒரு நகலை அவரிடமே கொடுங்கள்.

இதைவிடக் கூர்மையான கருவி சான்றிதழ். எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். ஏற்றுமதிக்காகப் பல நிறுவனங்கள் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அனைத்துலகச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழும் வைத்திருக்கின்றன. தணிக்கைக்கு முன் அறிவிப்பு வெளியாகும். தணிக்கையாளர்கள் சுற்றுவட்டார மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். உங்கள் நோட்டின் சுருக்கம் அவர்கள் கைக்குப் போகட்டும். இலாகாவின் கடிதத்துக்கு மூன்று மாதம் பேசாமல் இருந்த நிர்வாகம், தணிக்கைக்கு முந்திய வாரம் தானாகவே தொலைபேசியில் அழைக்கக்கூடும்.

மறுநடவுக் காலத்தில் பழைய மரங்களைக் கொளுத்துவது நம் பெரியவர்களின் நினைவில் உள்ள வழக்கம். எரிக்காமல் மரத்தைச் சீவி வரிசைகளுக்கு இடையே அடுக்கி மக்கவிடும் முறையை 1989-இல் நம் நாட்டிலேயே கோல்டன் ஹோப் நிறுவனம் வளர்த்தெடுத்தது. அதற்காக 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. ஆகவே "எரிப்பதைத் தவிர வழியில்லை" என்று சிறுதோட்டக்காரர் எவராவது சொன்னால், அதை ஏற்பதற்கில்லை. அவருக்கு இயந்திர வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதுதான் உண்மையான இடர். ஒரே பருவத்தில் மறுநடவு செய்யும் சிலரைச் சேர்த்து இயந்திரத்தைப் பொதுவாக வரவழைக்கச் சங்கம் உதவலாம்.

ஏழாம் படி: கரி மண் நிலம்

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. எங்கள் வட்டாரத்துக்கு இதுவே பெரிய விஷயம். மக்காத தாவரப் பொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான கரி மண், நீர் வடிக்கப்பட்டால் காய்ந்து விறகாகிவிடும். தீ மேலே அணைந்தது போலத் தோன்றினாலும் அடியில் நாள்கணக்கில் கனன்று, குறைந்த வெப்பத்தில் பெரும்புகையைக் கக்கும். கிள்ளான் அருகே ஜொகான் செத்தியாவில் குறியீடு அடிக்கடி ஏறுவதற்கு இதுவே காரணம். இதற்கான மருந்து தண்ணீர்தான். ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்ற அமைப்பும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து பழைய கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, மஹாங் போன்ற மரக்கன்றுகளை நட்டு வருகின்றன. கரி மண்ணில் ஏற்கெனவே செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டால், மகசூலும் குறையாது, தீயும் எளிதில் பிடிக்காது. ஒரு பி.வி.சி. குழாயில் துளையிட்டு மண்ணில் இறக்கி, அளவுகோலை விட்டு வாரந்தோறும் பார்ப்பது பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யக்கூடிய வேலை. வறட்சி மாதங்களில் மாணவர் அணி அந்த அளவையும் பதிவு நோட்டிலேயே சேர்க்கட்டும்.

எட்டாம் படி: பணமும் புகைமூட்ட நாள்களும்

ஆலையிடமிருந்தோ இரும்புக் கடையிடமிருந்தோ நன்கொடை வாங்காதீர்கள். தண்ணீர்ப் போத்தல்கூட வேண்டாம். உறுப்பினர் சந்தா, திருவிழாக் காலத்து உணவுக்கடை, ஐக்கிய நாடுகளின் மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் சிறு மானியத் திட்டம் ஆகியவை போதும். மானியத்துக்கு விண்ணப்பிக்க உங்கள் பதிவு நோட்டே மிகச் சிறந்த சான்று.

புகைமூட்டம் வந்துவிட்டால் சங்கத்தின் வேலை மாறுகிறது. குறியீடு 100-ஐத் தாண்டினால் திடல் நடவடிக்கைகளும், 200-ஐத் தாண்டினால் பள்ளியும் நிறுத்தப்பட வேண்டும் என்பது கல்வி அமைச்சின் நடைமுறை. தலைமையாசிரியருக்கு அதை நினைவூட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், தனியே வாழும் முதியவர்கள் ஆகியோரின் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுப்பதில்லை. என்95 வகைதான் தடுக்கும், அதுவும் முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால் மட்டுமே.

ஒன்பதாம் படி: பலனை அளத்தல்

ஓராண்டு முடிந்ததும் நோட்டைத் திறந்து எண்ணுங்கள். எத்தனை எரிப்புகள் பதிவாயின, எத்தனைக்குப் புகார் சென்றது, எத்தனைக்குப் பதில் வந்தது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தவை எத்தனை என்ற நான்கு கணக்குகளையும் மாதவாரியாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டாம் ஆண்டோடு ஒப்பிடும்போது புகைமூட்ட நாள்களையும் கடும் மழை நாள்களையும் விலக்கிவிட்டே ஒப்பிட வேண்டும். மழை அதிகம் பெய்த ஆண்டில் காற்று தானாகவே தெளிவாக இருக்கும், அதற்குச் சங்கம் மாலை போட்டுக்கொள்ளக் கூடாது. பதிவுகள் திடீரெனக் குறைந்திருந்தால், எரிப்பு குறைந்ததா அல்லது எழுதுபவர் சோர்ந்துவிட்டாரா என்பதை முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் இரண்டாவதே காரணமாக இருக்கும் என்பதால், நோட்டைப் பொறுப்பேற்க இரண்டு தெருக்களிலிருந்தாவது ஆளுக்கொருவரை ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே பெயர் சொல்லி நியமித்து, இணையப் புகார் கணக்கின் கடவுச்சொல்லையும் பழைய புகார் எண்களின் கோப்பையும் அன்றே அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.